மருந்துக்கு மசியாத கிருமிகள்!

காயத்துக்குக் கட்டுப் போடுகிறோமே, அந்தத் துணி எங்கிருந்து வருகிறது தெரியுமா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்த பெரிய ஊர் இராஜபாளையம். அதன் பக்கத்தில் சத்திரப்பட்டி. அந்த வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். அங்கே நெய்யும் பேண்டேஜ் துணி இந்தியா முழுவதும் போகிறது. கப்பல் ஏறி வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறது.

துணியை நெய்தால் மட்டும் போதாது. வெளுக்க வேண்டும். வெட்டி மடிக்க வேண்டும். பிறகு ஆஸ்பத்திரியில் நீராவிப் பெட்டியில் வைத்து, அதில் உள்ள கிருமிகளைக் கொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அது ஆபரேஷன் செய்த புண்ணின் மேல் படலாம்.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு? கிருமிக்குப் பயந்துதான்!

துணியில் இருக்கும் கிருமியை நீராவி கொன்றுவிடும். உடம்புக்குள் புகுந்துவிட்ட கிருமியை என்ன செய்வது? மனிதனை நீராவியில் வைக்க முடியாது. அங்கே மருந்துதான் வேலை செய்ய வேண்டும்.

அந்த மருந்தே வேலை செய்யாவிட்டால்?

இன்று உலகம் முழுவதும் டாக்டர்களைக் கலங்க வைத்திருக்கும் கேள்வி இதுதான்.

காளான் தந்த மருந்து

1928-ம் ஆண்டு. லண்டனில் செயிண்ட் மேரி ஆஸ்பத்திரி. அங்கே அலெக்சாந்தர் பிளமிங் என்ற டாக்டர் கண்ணாடித் தட்டுகளில் கிருமிகளை வளர்த்துச் சோதனை செய்து வந்தார்.

ஒரு தட்டில் பூஞ்சைக் காளான் படிந்துவிட்டது. பழைய ரொட்டியில் பச்சையாகப் பூக்குமே, அது போன்ற காளான். தட்டு கெட்டுப் போயிற்று என்று அவர் எறிந்துவிடவில்லை. உற்றுப் பார்த்தார். காளானைச் சுற்றி இருந்த கிருமிகள் செத்துக் கிடந்தன!

அந்தக் காளானிலிருந்து கிடைத்ததுதான் பெனிசிலின். கிருமிகளைக் கொல்லும் இந்த வகை மருந்துகளுக்கு "ஆன்டிபயாடிக்" என்று பெயர்.

ஆனால், காளானிலிருந்து மருந்தைப் பிரித்து எடுப்பது லேசான காரியமாக இல்லை. ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின் என்ற இரண்டு விஞ்ஞானிகளும் அவர்களுடைய தோழர்களும் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள்.

1941-ம் ஆண்டு பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாந்தர் என்ற போலீஸ்காரருக்கு அதைக் கொடுத்தார்கள். அவருக்கு 43 வயது. முகத்தில் வந்த புண்ணிலிருந்து கிருமி பரவி, ஒரு கண்ணே போய்விட்டது. சாகக் கிடந்தார்.

மருந்து ஏறிய மறுநாளே காய்ச்சல் இறங்கியது. சாப்பிட ஆரம்பித்தார். எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. ஆனால் ஐந்தாவது நாள் மருந்து தீர்ந்துவிட்டது! அவருடைய சிறுநீரில் வெளியேறிய மருந்தையும் பிரித்து எடுத்து மறுபடி ஏற்றிப் பார்த்தார்கள். போதவில்லை. கிருமி மறுபடி தலைதூக்கியது. மார்ச் 15-ந் தேதி அவர் இறந்தார்.

மருந்து போதாமல் ஓர் உயிர் போன கதை இது. இன்று மருந்து கடையில் குவிந்து கிடக்கிறது. ஆனாலும் உயிர் போகிறது. அது எப்படி?

பிளமிங்கின் எச்சரிக்கை

1945-ம் ஆண்டில் பிளமிங், புளோரி, செயின் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பரிசையொட்டி உரையாற்றிய மேடையில் பெருமை பேசிவிட்டு இறங்கவில்லை பிளமிங். ஓர் எச்சரிக்கை செய்தார்.

இந்த மருந்து ஒருநாள் கடையில் யாரும் வாங்கும்படி ஆகிவிடும். விவரம் தெரியாதவர்கள் கொஞ்சமாகச் சாப்பிடுவார்கள். அது கிருமியைக் கொல்லாது. மருந்தைத் தாங்கிக்கொள்ளக் கிருமிக்குப் பழக்கிக் கொடுத்துவிடும் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

அவர் சொன்னது சீக்கிரமே பலித்தது. 1948-ம் ஆண்டுக்குள்ளேயே லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில், சீழ் பிடிக்கச் செய்யும் ஒருவகைக் கிருமியில் பாதிக்கு மேல் பெனிசிலினுக்குச் சாகவில்லை.

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. புதிது புதிதாக மருந்து கண்டுபிடித்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். அவருடைய தலைமையில் இருந்த கூடத்திலிருந்துதான் 1948-ம் ஆண்டில் "ஆரியோமைசின்" வந்தது.

பெனிசிலினுக்கு மசியாத கிருமிகளுக்காக 1959-ம் ஆண்டில் "மெத்திசிலின்" என்ற மருந்து வந்தது. 1961-ம் ஆண்டிலேயே, அதற்கும் மசியாத கிருமி வந்துவிட்டது என்று இங்கிலாந்திலிருந்து செய்தி வந்தது.

மருந்து ஓர் அடி வைத்தால், கிருமியும் ஓர் அடி வைக்கிறது!

ஏழு மணி நேரத்தில் 20 லட்சம்

கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு இவ்வளவு சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது?

பாலுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இரவு, பாலில் ஒரு துளி தயிர் விட்டு உறை ஊற்றுகிறோம். காலையில் சட்டி நிறையத் தயிர். அந்தத் துளியில் இருந்த நல்ல கிருமிகள் இரவெல்லாம் பெருகியதால்தான் பால் தயிராயிற்று.

கெட்ட கிருமிகளும் அப்படியே பெருகும். குடலில் வாழும் "ஈ.கோலை" என்ற கிருமி, வசதி கிடைத்தால் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகும். இரண்டு நாலாகும். ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும்!

இப்படிப் பெருகும்போது, எங்கேயோ ஒரு கிருமி கொஞ்சம் மாறுதலாகப் பிறக்கும். அந்த மாறுதலால் மருந்தைத் தாங்கும் சக்தி அதற்கு வந்துவிடுவது உண்டு. மருந்து போட்டால் மற்ற கிருமிகள் செத்துவிடும். இந்த ஒன்று மட்டும் பிழைக்கும். போட்டிக்கு ஆள் இல்லை. இடமெல்லாம் அதற்கே! அதன் வம்சம் பெருகும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்துக்குப் பழகிப்போவது மனிதனின் உடம்பு அல்ல, கிருமி! "நான் மாத்திரையே சாப்பிடாதவன், எனக்கு எந்த மருந்தும் கேட்கும்" என்று யாரும் இருந்துவிட முடியாது. அடுத்த வீட்டுக்காரரிடம் வளர்ந்த கிருமி நம்மிடமும் வரும்.

கைமாறும் சீட்டு

இன்னொரு தந்திரமும் கிருமிகளுக்கு உண்டு. மருந்தை முறிக்கும் வித்தையை ஒரு கிருமி மற்றொரு கிருமிக்குக் கொடுத்துவிடும்!

ஒரு திருடன் கள்ளச்சாவி செய்யும் விதத்தை ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறான். அதைப் பார்த்து எழுதி இன்னொரு திருடனுக்குக் கொடுக்கிறான். அவன் வேறொருவனுக்குக் கொடுக்கிறான். கடைசியில் ஊரில் எந்தப் பூட்டும் நிற்காது. கிருமிகளிடமும் இப்படிப்பட்ட சீட்டு இருக்கிறது. ஒரு ஜாதிக் கிருமியிலிருந்து வேறு ஜாதிக் கிருமிக்கும் அது போகும்.

அப்படிக் கைமாறும் சீட்டுகளில் ஒன்றின் பெயர் "என்.டி.எம்-1". அது நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது.

சென்னையில் 44

2008-ம் ஆண்டில் சுவீடன் நாட்டில் ஒரு நோயாளியின் சிறுநீரைச் சோதித்தார்கள். அவர் இந்திய வம்சத்தவர். அதற்கு முன்பு டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்தவர். அவரிடம் இருந்த கிருமி, "கார்பபெனம்" என்ற வகை மருந்துகளையும் முறித்துவிட்டது.

கார்பபெனம் என்பது சாதாரண மருந்து அல்ல. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு டாக்டர்கள் எடுக்கும் மருந்து. அதையே வெட்டிப் போடும் கத்தரிக்கோல் போன்ற ஒரு பொருளை அந்தக் கிருமி தயாரித்தது. அதற்குப் புதுடெல்லியின் பெயரை வைத்து "என்.டி.எம்-1" என்றார்கள்.

2010-ம் ஆண்டு ஆகஸ்டில் லண்டனிலிருந்து வரும் "லான்செட்" குழுவின் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அதை எழுதியவர்களில் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. இங்கிலாந்து விஞ்ஞானி திமோதி வால்ஷ் முதலியோரும் அதில் பங்கு கொண்டார்கள்.

சென்னையில் 44, அரியானாவில் 26, இங்கிலாந்தில் 37, இந்தியா-பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73. இத்தனை கிருமி மாதிரிகளில் என்.டி.எம்-1 இருந்ததை அவர்கள் காட்டினார்கள். அநேகமாக எல்லா மருந்துகளுக்கும் அவை அசையவில்லை. "டைஜிசைக்ளின்", "கோலிஸ்டின்" என்ற இரண்டு மருந்துகளுக்கு மட்டுமே பெரும்பாலும் மசிந்தன.

பெரிய பரபரப்பு! "எங்கள் தலைநகரத்தின் பெயரைக் கிருமிக்கு வைப்பதா?" என்று இந்தியாவில் எதிர்ப்புக் கிளம்பியது. பெயர் வைத்தது தவறு என்று லான்செட் ஆசிரியர் 2011-ம் ஆண்டில் வருத்தம் தெரிவித்தார்.

பெயர் தவறாக இருக்கலாம். கிருமி பொய் அல்லவே!

2016-ம் ஆண்டில் அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் 70 வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அவர் இந்தியாவில் நெடுநாள் தங்கியிருந்தபோது தொடை எலும்பு முறிந்து, இங்கே பலமுறை சிகிச்சை பெற்றவர். அவரிடம் இருந்த கிருமியை 26 மருந்துகளோடு சோதித்தார்கள். 26-ம் பலிக்கவில்லை. பணக்கார நாடு, பெரிய ஆஸ்பத்திரி. ஆனாலும் அந்த அம்மாளைக் காப்பாற்ற முடியவில்லை.

2019-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு மசியாத கிருமிகளாலேயே இறந்தார்கள் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஏன் ஐ.சி.யு.வில்?

உயிருக்குப் போராடுகிறவர்களை வைத்துப் பார்க்கும் இடம் ஐ.சி.யு. என்ற தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கேதான் இந்தக் கிருமிகளின் ஆட்டம் அதிகம். காரணம் என்ன?

அங்கே இருப்பவர்கள் மிகவும் பலவீனமானவர்கள். கிருமியை எதிர்க்க உடம்பில் தெம்பு இல்லை.

மூச்சு விடத் தொண்டையில் குழாய். மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் ஊசி. சிறுநீர் போக ஒரு குழாய். உயிரைக் காக்கவே இவை வைக்கப்படுகின்றன. ஆனால் கிருமிக்கு இவையே வாசல்! பாசி படிவது போலக் கிருமிகள் குழாயில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாசிக்குள் மருந்து எளிதில் போகாது.

மேலும், அங்கே கடுமையான மருந்துகள் தினமும் புழங்குகின்றன. சாதாரணக் கிருமிகள் செத்து, முரட்டுக் கிருமிகளே மிஞ்சும். "அசினெடோபாக்டர்" என்ற கிருமி, கட்டில் கம்பியிலும் மேஜையிலும் காய்ந்த நிலையில் பல நாள் உயிரோடு இருக்கும். "கிளெப்சியெல்லா" என்பது நுரையீரலையும் ரத்தத்தையும் பிடிக்கும்.

கட்டிலுக்குக் கட்டில் கிருமி எப்படிப் போகிறது? அதற்குக் கால் இல்லை. மனிதர்களின் கைதான் அதற்கு வண்டி!

கை கழுவிய டாக்டர்

இது பழைய பாடம். 1847-ம் ஆண்டில் ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரத்தில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் இருந்தார். அவருடைய பிரசவ வார்டில் தாய்மார்கள் ஜன்னி கண்டு செத்துக்கொண்டிருந்தார்கள். முந்திய ஆண்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள்.

பிணங்களை அறுத்துப் படித்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வருவதை அவர் கண்டார். குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவிய பிறகே வார்டுக்குள் வரவேண்டும் என்று கட்டளை போட்டார். சாவு மளமளவென்று குறைந்தது. அந்த நோய்க்குக் கிருமிதான் காரணம் என்று அப்போது உலகத்துக்குத் தெரியாது. கை கழுவியதிலேயே எத்தனையோ தாய்மார்கள் பிழைத்தார்கள்!

இன்றைக்கும் ஐ.சி.யு.வில் முதல் காவல் அதுதான். ஒரு நோயாளியைத் தொடும் முன்பும், தொட்ட பின்பும் கை சுத்தம் செய்ய வேண்டும்.

"பெற்ற மகனைப் பார்க்கக்கூடாதா? ஒருத்தரை மட்டும்தான் உள்ளே விடுவார்களாம்!" என்று நம்மில் பலர் வாசலில் சண்டை போடுகிறோம். நர்ஸ் கெடுபிடி செய்வது வீம்புக்கு அல்ல. உள்ளே இருக்கும் உயிருக்காகத்தான். உள்ளே போனால் கையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். குழாய்களைத் தொடாதீர்கள். ஒரு நோயாளியைத் தொட்ட கையோடு அடுத்த கட்டில்காரரை விசாரிக்கப் போகாதீர்கள். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம்.

சென்னையிலிருந்து ஒரு குரல்

2012-ம் ஆண்டு ஆகஸ்ட் 24-ந் தேதி சென்னையில் இந்தியாவின் பல மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடின. டாக்டர் அப்துல் கபூர் இதை முன்னின்று நடத்தினார். ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கண்டபடி விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டும்; ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் கிருமி பரவாமல் தடுக்க ஏற்பாடு வேண்டும் என்று கேட்டார்கள். இதற்குச் "சென்னைப் பிரகடனம்" என்று பெயர்.

2013-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. 2014-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. கடுமையான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள் உள்பட 46 மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. யார் எழுதிக் கொடுத்தது, யாருக்கு, எவ்வளவு என்று கடைக்காரர் தனி நோட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

ஆடுமாடு, கோழி, மீன் வளர்ப்பில் கோலிஸ்டின் மருந்தைச் சேர்க்கக்கூடாது என்று 2019-ம் ஆண்டில் தடை வந்தது. மனிதனுக்குக் கடைசியில் மிஞ்சியிருக்கும் மருந்தைத் தீவனத்தில் கலந்தால், கிருமி அங்கேயே அதற்கும் பழகிவிடும் அல்லவா?

சிவப்புக் கோடு

சட்டம் போட்டாகிவிட்டது. வீட்டில் நாம் என்ன செய்கிறோம்?

குழந்தைக்குச் சளி. அம்மா மருந்துக் கடைக்குப் போகிறாள். "போன தடவை கொடுத்தீர்களே, அந்த மாத்திரையில் நாலு கொடுங்கள்" என்கிறாள். இரண்டு மாத்திரையில் காய்ச்சல் விட்டதும், மீதியை அலமாரியில் வைக்கிறாள். அடுத்த மாதம் பாட்டிக்கு இருமல் வந்தால் அந்த இரண்டு பாட்டிக்கு! எத்தனை வீடுகளில் இது நடக்கிறது?

சாதாரணச் சளிக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் காரணம் "வைரஸ்" என்ற வேறு இனம். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. சளி தானாகப் போனது; பேர் மாத்திரைக்கு! ஆனால் வயிற்றில் இருக்கும் கிருமிகளோ, அந்த மாத்திரையைப் பார்த்து முரடாகிவிட்டன. ஒருநாள் அதே குழந்தை ஆபரேஷனுக்குப் போகும்போது, அந்த முரட்டுக் கிருமிகளும் கூடவே போகும்.

மாத்திரை அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாதவர்களும் இதைப் பார்த்துக்கொள்ளலாம். சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சொல்லாமல் அதைச் சாப்பிடக்கூடாது என்று அர்த்தம்.

இதோ சில யோசனைகள்:

டாக்டரிடம் போய், "சீக்கிரம் கேட்கிற மாதிரி பவர் மாத்திரை கொடுங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள்.

டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தால் பயப்படாதீர்கள். சொன்ன வேளையில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். காசநோய் மருந்தை நடுவில் நிறுத்துவது மிகவும் ஆபத்து. மருந்துக்கு அடங்காத காசநோய் வந்துவிடும். வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றும்.

ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் சாப்பிட வேண்டாம்.

குழந்தைக்குச் சாதாரண வயிற்றுப்போக்கு என்றால் முதலில் தேவை உப்பு-சர்க்கரைக் கரைசல். ஆன்டிபயாடிக் அல்ல. மலத்தில் ரத்தம், மூச்சுத் திணறல், மயக்கம், விடாத காய்ச்சல் இருந்தால் கடைக்குப் போகாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள். நோயே வராவிட்டால் மருந்துக்கு வேலை இல்லை. சாப்பிடும் முன்பும், கக்கூஸ் போய் வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

புது மருந்து வருமா?

வருகிறது. ஆனால் மெதுவாக வருகிறது. சென்னையில் ஆர்க்கிட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் "என்மெட்டாசோபாக்டம்" என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். இது பழைய மருந்து ஒன்றோடு சேர்ந்து, கிருமி அதை முறித்துவிடாமல் காக்கும். 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அரசாங்கம் இதற்கு அனுமதி கொடுத்தது. தமிழ்நாட்டுக்குப் பெருமைதான். ஆனால் என்.டி.எம். கத்தரிக்கோல் வைத்திருக்கும் கிருமியிடம் இது பலிக்காது.

ஒரு மருந்து கண்டுபிடிக்கப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகின்றன. கிருமி அதற்குப் பழகச் சில ஆண்டுகள் போதும். ஆகவே, இருக்கும் மருந்தைக் காப்பாற்றுவதுதான் வழி.

வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கிறார்களே, அந்தத் தாய் பிழைப்பது இந்த மருந்துகளின் தைரியத்தில். குறை மாதத்தில் பிறந்த சிசு வளர்வது இந்த மருந்துகளின் தைரியத்தில். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுவதும், விபத்தில் நொறுங்கிய காலைச் சேர்ப்பதும் இதே தைரியத்தில்தான். மருந்து பலிக்காமல் போனால் இத்தனையும் ஆட்டம் கண்டுவிடும்.

இன்றைக்கே வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். சிவப்புக் கோடு போட்ட மிச்ச மாத்திரை கிடக்கிறதா? யாருக்கும் கொடுக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கொண்டுபோய், என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.